சால்வை போர்த்தியது போதும், வழியைக் காட்டுங்கள்!

பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும் நம் பகுதிகளில் ஒரு திருவிழாக் காலம் தொடங்கிவிடுகிறது. தாராவி, மாட்டுங்கா, சீத்தா கேம்ப், அந்தோப் ஹில், முலுண்ட், கல்யாண் என்று தமிழர் வாழும் இடமெல்லாம் தட்டிகள் எழுகின்றன. “சாதனை மாணவர்களுக்குப் பாராட்டு விழா!” மேடையில் இருபது பெரியவர்கள். ஆளுக்குக் கால் மணி நேரம் பேச்சு. பிள்ளைக்கு ஒரு சால்வை, ஒரு கேடயம், ஒரு புகைப்படம். விழா முடிகிறது. கேடயம் பரண்மேல் ஏறுகிறது. பிள்ளை எங்கே போகிறது?

இந்தக் கேள்வியை எந்த மேடையும் கேட்பதில்லை. கூட்டம் கலையும்போது ஒரு தகப்பன் மெல்ல வந்து, “அண்ணாச்சி, பிள்ளை தொண்ணூறு வாங்கியிருக்கான், அடுத்து என்ன போடலாம்?” என்று கேட்கிறார். அண்ணாச்சியோ, “நல்லா படிக்கச் சொல்லுங்க, பெரிய ஆளா வருவான்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறுகிறார். அந்தத் தகப்பன் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தம் மகன் சேர்ந்த கல்லூரியின் பெயரைச் சொல்கிறார். ஒரு பிள்ளையின் வாழ்க்கை இவ்வளவு மலிவாக முடிவு செய்யப்படுகிறது.

நாம் சொல்ல வந்தது இதுதான்: நம் பிள்ளைகளிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. அந்தத் திறமையைக் கண்டு, அதற்கேற்ற வாசலைக் காட்டும் ஆள்தான் இல்லை. அந்த ஆளைத் தருவது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது சங்கங்களின் கடமை. இரண்டும் நடக்கவில்லை.

முளையைப் பார்ப்பது யார்?

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று நம்மவர்கள் பழமொழி பேசுவார்கள். தெரியும், மறுக்கவில்லை. ஆனால் யாருக்குத் தெரியும்? வயலுக்குப் போய்க் குனிந்து பார்ப்பவனுக்குத்தான் தெரியும். வரப்பே மிதிக்காதவனுக்கு முளையும் தெரியாது, களையும் தெரியாது. திறமைசாலி தானே மேலே வந்துவிடுவான் என்று சொல்கிறவர்கள், வயலுக்குப் போகாமலே அறுவடைக்கு அரிவாளோடு வருகிறவர்கள்.

நம் கண்முன் உள்ள மிகப் பெரிய சாட்சியத்தைப் பாருங்கள். பரேல் தொழிலாளர் சாலில் ஓர் அறையில் வளர்ந்து, 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறியவர் அண்ணல் அம்பேத்கர். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளை ஒன்று மெட்ரிக் தேறியதே அன்று பெரிய செய்தி. அன்றும் பாராட்டுக் கூட்டம் நடந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் கிருஷ்ணாஜி கெலுஸ்கர் என்ற ஆசிரியர் இருந்தார். அவர் ஏற்கெனவே பூங்காவில் தனியே உட்கார்ந்து படிக்கும் அந்தப் பையனைக் கவனித்து, பேச்சுக் கொடுத்துப் பழகியவர். தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாகக் கொடுத்தார். அதோடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவில்லை. பின்னாளில் கல்லூரிப் படிப்பு பணமில்லாமல் தடைப்படும் நிலை வந்தபோது, பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அந்த மாணவரைக் கொண்டு போய் நிறுத்தினார். மாதம் 25 ரூபாய் உதவித் தொகை கிடைத்தது. 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏற வழி பிறந்தது.

அம்பேத்கரின் அறிவை யாரும் கொடுக்கவில்லை; அது அவருடையது. ஆனால் எந்தக் கதவை, எப்போது, யாரிடம் போய்த் தட்டுவது என்று ஒருவர் காட்டினார். இதற்குத்தான் இன்று வழிகாட்டல், ஆலோசனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அன்று ஒரு நல்ல மனிதரின் கருணையால் நடந்தது அது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. இன்னும் நம் பிள்ளைகள் ஒரு கெலுஸ்கர் தற்செயலாக எதிரில் வருவார் என்று காத்திருக்க வேண்டுமா?

காகிதத்தில் ஓடிய ரயில்

சர்க்காருக்கு இது தெரியாத விஷயமல்ல. நன்றாகத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-53-ல் இடைநிலைக் கல்விக் குழு கூடியது. பள்ளிகளில் வழிகாட்டும் அலுவலர்களும், வேலைவாய்ப்பு விவரம் சொல்லும் ஆசிரியர்களும் வேண்டும் என்று அது எழுதி வைத்தது. 1954-ல் டில்லியில் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கென ஒரு மத்திய அமைப்பும் தொடங்கப்பட்டது. 1966-ல் கோத்தாரிக் குழு இன்னும் தெளிவாகச் சொன்னது: எல்லாப் பள்ளிக்கும் தனி ஆலோசகர் உடனே முடியாதென்றால், பத்துப் பள்ளிக்கு ஒருவராவது சுற்றி வரட்டும் என்றது.

பத்துப் பள்ளிக்கு ஒருவர்! அறுபது ஆண்டாகிறது. நம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படித்து வெளியேறிய இரண்டு தலைமுறையைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: “உன் பள்ளிக்கு ஆலோசகர் என்று ஒருவர் வந்ததுண்டா?” தடுப்பூசி போட வந்தவரைச் சொல்வார்கள். தேர்தல் பட்டியல் சரிபார்க்க வந்தவரைச் சொல்வார்கள். வேறு யாரையும் சொல்ல மாட்டார்கள்.

திறமையைத் தேடும் தேர்வு ஒன்றும் இருந்தது. 1963-ல் டில்லியில் சோதனையாகத் தொடங்கி, 1964-ல் நாடெங்கும் 350 உதவித் தொகைகளோடு விரிந்தது. முதலில் அறிவியலுக்கு மட்டும், ஆங்கிலத்தில் மட்டும். 1976-ல்தான் மற்ற துறைகளுக்கும் இந்திய மொழிகளுக்கும் கதவு திறந்தது. தேசியத் திறனாய்வுத் தேர்வு என்ற பெயரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய அந்தத் தேர்வு 2021-ல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த 2020 புதிய கல்விக் கொள்கையோ, தனித் திறமை உள்ள மாணவர்களுக்கு மன்றங்கள், முகாம்கள், வட்டார மொழியில் ஒலிம்பியாட் போட்டி என்று பக்கம் நிரப்புகிறது. ஒரு கையால் கொள்கை எழுதுவது, மறு கையால் தேர்வை நிறுத்துவது! இதற்குப் பெயர் திறமைக்கு ஆதரவா?

நம் ரயில்வேயிலேயே ஒரு கதை உண்டு. பீகாரில் ஜமால்பூர் என்று ஒரு ஊர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வு மூலம் எடுத்து, அங்கே நான்காண்டு பயிற்சி கொடுத்து, இயந்திரப் பொறியியல் அதிகாரிகளாக்குவார்கள். 1927 முதல் நடந்த ஏற்பாடு அது. படிக்கும்போதே உதவித் தொகை. முடித்ததும் அதிகாரி நாற்காலி. மாட்டுங்கா பணிமனையில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தன! சுத்தியல் பிடித்தவர் மகனும் சுத்தியல் பிடித்தான்; கிளார்க்கின் மகள் கிளார்க் தேர்வுக்கே படித்தாள். ஜமால்பூர் என்ற பெயரை நம் குடியிருப்புகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டார்கள்? அதிகாரி பங்களாவில் அந்தப் பெயர் சாப்பாட்டு மேசையில் அடிபட்டது. நம் குடியிருப்பில் சுவரொட்டியாகக் கூட ஒட்டப்படவில்லை. 2015-க்குப் பிறகு அந்தத் தேர்வும் நிறுத்தப்பட்டது. வாசல் இருந்தபோது தெரியவில்லை. தெரிந்தபோது வாசல் இல்லை.

அறிவு குறைவா? மொழி தடையா?

“மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைக்கு அவ்வளவுதான் வரும்” என்று சொல்கிற அறிவாளிகளுக்கு இதே மும்பையில் ஒரு பதில் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1980-களின் முற்பகுதியில் ஒரு முயற்சி செய்தது. மாநகராட்சிப் பள்ளிகளில் படித்த தாழ்த்தப்பட்ட சமூக மாணவர்களைத் தேர்ந்தெடுத்துத் தொடர்ந்து கவனித்தது. அவர்களைத் தடுத்தது மூளைக் குறைவு அல்ல. பாடநூலின் மொழி அவர்கள் வீட்டு மொழியிலிருந்து வெகுதூரம் விலகி நின்றதும், கேள்வி கேட்க யாரும் பழக்காததும் பெருந்தடைகள் என்று கண்டது. தடையை நீக்கிப் பாடம் சொன்னபோது பிள்ளைகள் எழுந்தார்கள். 1985-ல் அந்த அறிக்கை வெளிவந்தது.

அந்த மையம் இன்று மான்குர்டில் இருக்கிறது. உலக ஒலிம்பியாட் போட்டிகளுக்கு இந்திய மாணவர்களைத் தயார் செய்வதும் அங்கேதான். அங்கிருந்து சில கல் தொலைவில் சீத்தா கேம்ப். 1976-ல் ஜனதா காலனியை அணுசக்தித் துறைக்காக இடித்துத் தள்ளி, அங்கே வாழ்ந்த நம் மக்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம். நாட்டின் அறிவியல் வாசல் ஒரு பக்கம், நம் பிள்ளைகள் மறு பக்கம். நடுவில் இருப்பது ஒரு சாலைதான். அதைக் கடக்கக் கைபிடித்து அழைத்துப் போக ஆளில்லை.

விற்பனைக்கு வந்த வழி

அரசு விட்ட இடத்தில் வியாபாரி உட்கார்ந்துவிட்டான். ஆலோசனை இன்று கடைச் சரக்கு. கணினியில் நூறு கேள்வி கேட்டு, “உங்கள் பிள்ளைக்குப் பொறியியல் பொருந்தும்” என்று வண்ணக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்து ஆயிரக் கணக்கில் வாங்குகிறார்கள். விளக்குப் போட்ட பயிற்சிக் கூடங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளையையே வலைவீசிப் பிடித்தன. பதினாறு வயதுக்குக் கீழே சேர்க்காதே என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு நெறிமுறை வெளியிட வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். இவர்கள் திறமையைத் தேடுகிறவர்கள் அல்ல; கட்டணத்தைத் தேடுகிறவர்கள். நகையை அடகு வைத்து அனுப்பப்படும் பிள்ளை, தனக்கு ஒட்டாத படிப்பில் சிக்கி, தன்னையே மக்கு என்று நம்பித் திரும்பி வருகிறது. அந்தக் கொடுமையை எந்தக் கணக்கில் எழுதுவது?

திறமை என்றால் மருத்துவமும் பொறியியலும் மட்டும்தானா? தாராவியில் தோல் வெட்டும் கைகளைப் பாருங்கள். ஒரு தோலை விரித்ததும் எங்கே வெட்டினால் வீணாகாது என்று கண்ணாலேயே கணக்குப் போடும் பதினைந்து வயதுப் பிள்ளை, வடிவியல் படித்தவனுக்கு எந்த விதத்தில் குறைந்தவன்? சென்னையில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதோடு சேர்ந்து அண்ணா பல்கலைக்கழகம் தோல் தொழில்நுட்பத்தில் பொறியியல் பட்டம் தருகிறது. தோலோடு பிறந்து வளர்ந்த நம் பிள்ளைக்கு அதைச் சொன்னது யார்? சுவரெல்லாம் படம் வரையும் பெண் குழந்தைக்கு, இதே மும்பையில் 1857 முதல் ஜே.ஜே. கலைப் பள்ளி இருக்கிறது என்று சொன்னது யார்? அவளுக்குச் சொல்லப்படுவதெல்லாம், “பத்து முடிஞ்சாச்சு, ஊர்ல மாப்பிள்ளை பாக்கச் சொல்லிருக்கு” என்பதுதான்.

அங்கே வெளியூர், இங்கே வெளிமாநிலம்

நம் பிள்ளைக்கு இன்னொரு தடையும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் கொடியது. இதைப் பாராட்டு மேடையில் யாரும் பேசுவதில்லை. பேசினால் கைத்தட்டல் வராது.

ஆதிதிராவிடப் பிள்ளை தாராவியில் பிறந்திருக்கலாம். அதன் தகப்பனும் இங்கேயே பிறந்திருக்கலாம். ஆனால் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் மராட்டிய மண்ணில் வாழ்ந்ததற்குக் காகிதம் வேண்டும் என்கிறார்கள். இல்லையென்றால் மாநில அரசின் இட ஒதுக்கீடு இல்லை. சிறு வயதில் ஆந்திரத்திலிருந்து பம்பாய் வந்த ஒரு பழங்குடி மாணவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட வழக்கில், 1990-ல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. 1994-ல் மீண்டும் உறுதி செய்தது. மாநில எல்லை தாண்டியதும் சாதிக் கொடுமை கழன்று விழுந்துவிடுகிறதா? விழவில்லை. சலுகை மட்டும் விழுகிறது!

சரி, தாய்மண் அணைத்துக்கொள்ளுமா? தமிழ்நாடு அரசு 2022-ல் ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழி காட்டுகிறது. டில்லி தன் திறனாய்வுத் தேர்வை நிறுத்திய பின், 2023-ல் தமிழ்நாடு தானே ஒரு திறனாய்வுத் தேர்வை நடத்தி உதவித் தொகை தந்தது. பாராட்டுகிறோம். ஆனால் அவை தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறவர்களுக்கு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அங்கே ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. மும்பை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் படித்த ஏழைப் பிள்ளைக்கு அங்கேயும் இடமில்லை, இங்கேயும் இடமில்லை.

ஆனால் தோழர்களே, ஒரு கதவு திறந்தே இருக்கிறது. அது தெரியாமல்தான் பலர் திரும்பிப் போகிறார்கள். மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள், ஐ.ஐ.டி.கள், மத்தியப் பல்கலைக்கழகங்கள், ரயில்வே, மத்தியத் தேர்வாணையம் ஆகியவற்றில் ஒதுக்கீடு உண்டு. தகப்பனுக்குச் சொந்த ஊரில் வழங்கப்பட்ட சாதிச் சான்றைக் காட்டி, குடிபெயர்ந்தோருக்கான சான்றை இங்கேயே பெறலாம். அந்த மூலச் சான்று இல்லாமல்தான் விண்ணப்பங்கள் தள்ளுபடியாகின்றன. கடைசி நாளில் நெல்லைக்கு ரயில் ஏறி ஓடிப் பயனில்லை. பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போதே கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், கோயில் கொடையோடு தாலுகா அலுவலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று: வருமானமும் திறமையும் சேர்த்துப் பார்த்துத் தரும் தேசிய உதவித் தொகை 2008 முதல் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் தேர்வு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை இலட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு, உள்ளாட்சி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கே உரியது. தனியார் பள்ளிப் பிள்ளை கேட்க முடியாது. நமக்கென்றே வைத்த சோற்றை நாமே தெரியாமல் தாண்டிப் போகலாமா?

நம்மிடையே உள்ளவர்களுக்குப் பதில்

“தோழரே, பாதிப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றுவிடுகிறார்கள், அதைப் பார்க்காமல் கெட்டிக்காரனைப் பற்றிப் பேசுவது மேட்டுக்குடிப் பேச்சு” என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். நாம் கேட்கிறோம்: பணக்காரன் வீட்டில் கெட்டிக்காரப் பிள்ளை பிறந்தால் அது சொத்து, ஏழை வீட்டில் பிறந்தால் அது பேசக் கூடாத விஷயமா? பள்ளியை விட்டு நிற்பவர்களில் கெட்டிக்காரர்களே இல்லை என்று யார் சொன்னது? நம் பள்ளிகளில் தமிழ் வழி நீண்ட காலம் ஏழாம் வகுப்போடு நின்றுபோனது. எட்டில் இந்தியோ மராத்தியோ ஆங்கிலமோ என்று திக்குத் தெரியாமல் தள்ளப்பட்டு, ஊமையாக உட்கார்ந்து, பிறகு நின்றவர்களில் எத்தனை அறிஞர்கள் புதைந்தார்களோ! சிலரைப் பொறுக்கி எடுத்து மற்றவர்களைக் கைவிடச் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளையையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும் என்கிறோம். எல்லோரையும் பார்த்தால்தான் எவரிடம் என்ன இருக்கிறது என்று தெரியும்.

“சங்கத்தில் அதற்குப் பணம் ஏது?” என்கிறார்கள் வேறு சிலர். இதே பம்பாயில் 1947-லேயே பார்சி பஞ்சாயத்து தன் பிள்ளைகளுக்கென்று தொழில் வழிகாட்டும் அலுவலகம் வைத்தது. அவர்கள் எண்ணிக்கையில் நம்மைவிடச் சிறிய சமூகம். பணக்காரர்கள்தான்; ஆனால் அந்தப் பணத்தைத் தட்டி கட்டி ஒழிக்கவில்லை. ஒரு பாராட்டு விழாவின் பந்தல், ஒலிபெருக்கி, மாலைச் செலவைக் கூட்டிப் பாருங்கள். ஓராண்டுக்கு ஒரு படிப்பக அறை வாடகையும், விண்ணப்பக் கட்டணங்களும் அதில் அடங்கும்.

நம் கோரிக்கைகள்

மாநகராட்சியையும் மாநில அரசையும் கேட்கிறோம்: 1966-ல் சொன்னபடி பத்துப் பள்ளிக்கு ஓர் ஆலோசகரை உடனே நியமியுங்கள். அவர் பிள்ளையின் தாய்மொழியில் பேச வேண்டும். தமிழ்ப் பள்ளிக்குத் தமிழ் தெரிந்தவர் வர வேண்டும்.

மத்திய அரசைக் கேட்கிறோம்: நிறுத்திய திறனாய்வுத் தேர்வைத் திரும்பத் தொடங்குங்கள். குடிபெயர்ந்த தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பிறந்து வளர்ந்த மாநிலத்திலேயே கல்வி உரிமை கிடைக்கச் சட்டம் செய்யுங்கள்.

தமிழ்நாடு அரசைக் கேட்கிறோம்: வழிகாட்டும் திட்டங்களின் கதவை வெளிமாநிலத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடுங்கள். தமிழ் மாநாட்டுக்கு எங்களை அழைப்பதைவிட அது பெரிய தமிழ்த் தொண்டு.

சங்கங்களைக் கேட்கிறோம்: அடுத்த ஆண்டு சால்வை வேண்டாம். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து பேர் கொண்ட வழிகாட்டும் குழு அமையுங்கள். படித்து வேலையில் இருக்கும் நம் இளைஞர் இருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், தாய்மார் ஒருவர், அலுவலகக் காகித வேலை தெரிந்தவர் ஒருவர் போதும். ஏழாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஏடு போடுங்கள்: எதில் ஆசை, எதில் கை ஓடுகிறது, எந்தச் சான்று இருக்கிறது, எந்தத் தேர்வு எப்போது. மாதம் ஒரு ஞாயிறு உட்காருங்கள். பிள்ளை கல்லூரி வாசல் ஏறும் வரை அந்த ஏட்டை மூடாதீர்கள்.

பாராட்டு, படி ஏறி முடித்தவனுக்கு. ஏறத் துடிக்கிறவனுக்குத் தேவை ஏணி. ஏணியைக் கேட்போம், தராவிட்டால் தரும்வரை போராடுவோம், அதுவரை நம் தோளையே ஏணியாகக் கொடுப்போம்!